பெருசு படுத்துடுச்சி

எங்க கம்பெனியில ஒரு சாமான் சூளைக்குள்ள வளைஞ்சாலோ தொய்ஞ்சாலோ 'வீணாப்போச்சு'ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. 'படுத்துடுச்சி'ன்னுதான் சொல்லுவாங்க. ஜாடி படுத்துடுச்சி, தட்டு படுத்துடுச்சி, அம்பது கிண்ணத்துல எட்டு படுத்துடுச்சி. வெளியூர்க்காரங்க கேட்டா யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னுதான் நெனைப்பாங்க. அது விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனிங்க வந்த புதுசு. நான் கிளேஸ் முக்குற செட்டுல வேல பார்த்தேன். பால் மாதிரி இருக்குற கரைசல்ல சாமானை முக்கி எடுத்து, அடியைத் தொடைச்சி, சூளைக்கு அனுப்பறது என் வேல.

அந்தச் சூளையைப் பார்த்துக்கிட்டவரைப் பத்திதான் சொல்ல வரேன். பேர் சொல்ல மாட்டேன். அவருக்கு நான் பண்ணது ஒண்ணு இருக்குது, அது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிடப்போவுதேன்னு ஒரு வருஷம் பயந்துக்கிட்டே அவருக்குப் பக்கத்து வூட்டுலயே குடியிருந்தேன். பேர் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல.

நாப்பது வயசு இருக்கும். ஒத்தநாடி ஒடம்பு. சூளை அனல்ல புருவம் கருகிப்போய் பாதிதான் இருக்கும், அதனால எப்பவும் எதையோ கண்டு ஆச்சரியப்படுற மொகமாவே தெரியும். மனுசன் எதைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் படுக்கும்னுதான் மொதல்ல பார்ப்பாரு. சுவரு, வைக்கோல் போரு, பாரம் ஏத்துன லாரி, தலையில தண்ணிக் கொடம் வச்சிட்டுப் போற பொம்பள, எதுவா இருந்தாலும் சரி.

ஒரு தடவ எங்க செட்டுப் பொண்ணு ஒருத்திக்கு நல்லூர்ப் பக்கம் கல்யாணம். எல்லாரும் பஸ்ஸு ஏறிப் போனோம். இவரும் வந்தாரு. பந்தல்ல நொழைஞ்சதும் அண்ணாந்து பார்த்தாரு. பொண்ணோட அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க"ங்கிறாரு. இவரு அவர்கிட்ட, "தெக்கால இருக்குற கால் படுத்துடும்ங்க"ன்னாரு. கல்யாண வூட்டுல சொல்ற பேச்சா இது! அந்த மனுசன் மொகம் செத்துப்போச்சு. பொம்பளைங்க எல்லாம் "வாயில நல்ல வார்த்தையே வராதா"ன்னு திட்டித் தீர்த்துட்டாங்க. மறுநாள் காலையில தெக்கால பந்தல் சாஞ்சிடுச்சின்னு சேதி வந்துச்சி. அதுக்கும் இவரைத்தான் திட்டுனாங்க, கருநாக்குன்னு. அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் யாரும் அவருக்குப் பத்திரிகை வைக்கல. அவரும் கேக்கல.

எனக்கு அவரோட பழக்கம் வந்தது ஒரு மண்ணுக் குவியலால. கம்பெனி முத்தத்துல அரைச்ச வெள்ளக்கல்லு மாவைக் கூடை கூடையாக் கொட்டிக்கிட்டு இருந்தோம். இவரு வந்து நின்னாரு. கொட்டக் கொட்ட மாவு உச்சியில நிக்கும், திடீர்னு சர்ருனு வழியும், அடியில போய் நிக்கும். ஒரு மணி நேரம் அதையே பார்த்தாரு. எனக்குப் பொறுக்கல.

"என்னாண்ணே, குவியலுக்குக் காவலா?"

"எவ்வளவு கொட்டுனாலும் குவியல் பெருசாவுது, சரிவு மட்டும் மாறல பாரும்மா. இன்னும் செங்குத்தா நிக்கணும்னு அதுக்கு ஆச இருந்தாலும் பூமி விடாது. வழிய வச்சிடும். நம்ம முத்தத்துல இந்தச் சரிவுன்னா, பாலைவனத்து மணல் மேட்டுலயும் கிட்டத்தட்ட இதான்."

"அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தீங்களாக்கும்?"

"புஸ்தகத்துல இருக்குது"ன்னாரு.

லைப்ரரியில விஞ்ஞானப் புஸ்தகம் பூராவும் அவரு ஒருத்தர்தான் எடுப்பாருன்னு பேரு. எஸ்.எஸ்.எல்.சி.தான் படிச்சவரு. ஆனா புஸ்தகத்துல படிச்சதுல பாதியைச் சூளையிலதான் புரிஞ்சிக்கிட்டேம்பாரு. தட்டு செய்யிறப்ப ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி வச்சித்தான் செய்யச் சொல்லுவாரு. பச்சையில பார்த்தா தட்டு ஏதோ கோணலா இருக்கும். சூளையில வெந்து எளகுறப்ப ஓரம் தானா எறங்கி மட்டமா வந்துடும். "படுக்கப் போறதையும் சேத்துத்தான் செய்யணும். சூடு மண்ணை எளக்குறதோட சரி. படுக்க வைக்கிறது சூடு இல்லம்மா, பூமி. அது எப்பவும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்குது. நாம கெட்டியா இருக்குற வரைக்கும் தெரியிறதில்ல"ம்பாரு. எனக்கு அதைக் கேக்கறப்ப பயமா இருக்கும். அவருக்கு அது வெறும் தகவல்.

நம்ம ஊருக்குப் பழமலைன்னு ஒரு பேரு இருக்குதே, மலை எங்கன்னு யாரும் கேக்கறதில்ல. இவருகிட்ட நான் கேட்டேன். கோயில் மதில் ஓரமா நடந்து வந்துக்கிட்டு இருந்தோம். திருவண்ணாமலைக்கும் முந்தி உண்டான மலை, சாமியே மலையா நின்னாரு, இப்ப பூமிக்குள்ள இருக்குதுன்னு எங்க வூட்டுல சொல்லுவாங்க.

"மலையும் படுத்துடுச்சிம்மா"ன்னாரு.

"சாமி குத்தம்ணே, அப்படிப் பேசாதீங்க."

"குத்தம் என்னா இதுல? மழை கரைக்கும், ஆறு இழுத்துட்டுப் போவும், மேல இருக்குறது எல்லாம் கீழ வந்துதான் ஆவணும். ஒரு மலை எவ்வளவு ஒசரம் நிக்கலாம்னு ஒரு அளவு இருக்குது. அதுக்கு மேல போனா அதோட கனமே அதோட காலை நசுக்கிடும். இங்க மலை இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. இருந்திருந்தா படுத்துதான் இருக்கும். பழசுன்னு பேர் வச்சவன் விவரம் தெரிஞ்சவன்."

சந்திரனுக்கு ஆள் போன வருஷம் ஊர் பூராவும் அதே பேச்சு. டீக்கடை ரேடியோவுல சேதி கேட்டுட்டு வந்து செட்டுல ஆளாளுக்கு அளந்தாங்க. இவரு மட்டும், "அது ஏன் உருண்டையா இருக்குதுன்னு யாராவது கேட்டீங்களா?"ன்னாரு. யாரும் கேக்கல. அவரே சொன்னாரு. ஆகாசத்துல சின்னக் கல்லுங்க எல்லாம் உருளைக்கெழங்கு மாதிரி, சப்பட்டையா, இஷ்டத்துக்கு இருக்குமாம். கல்லு பெருசா வளர வளர, அதோட கனம் அதை நாலாப்பக்கத்துல இருந்தும் நடுவுக்கு இழுக்குமாம். மேடு எல்லாம் எறங்கி பள்ளம் எல்லாம் ரொம்பி உருண்டையாயிடுமாம்.

"அப்ப நம்ம மேனேஜரு உருண்டையா இருக்காரே, அவரு என்னா கிரகம்ணே?"ன்னேன். செட்டே சிரிச்சுது.

அவரு சிரிக்கல. யோசிச்சிப் பார்த்து, "அவரு பத்தாதும்மா. நூத்துக்கணக்கான மைல் அகலம் வேணும்"ன்னாரு. அதுக்குத்தான் நாங்க இன்னும் சிரிச்சோம். எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு அவருக்குப் புரியல. கொஞ்ச நேரம் நின்னுட்டு சூளைப் பக்கம் போயிட்டாரு. அவரு முதுகைப் பார்த்தப்ப எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சி. பாவம்னு நெனச்சேனே தவிர, கூப்பிடல.

கல்யாணம் பண்ணிக்காத மனுசன். ஏண்ணேன்னு ஒரு நாள் வாய்விட்டே கேட்டுட்டேன். வழக்கம்போல ஆகாசத்துக்குப் போயிட்டாரு. சனி கிரகத்தைச் சுத்தி வளையம் இருக்குதாம். எல்லாம் கல்லும் பனிக்கட்டியும் தூளும். "பெரிய ஒண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல சின்னது ஒண்ணு வந்தா, பெரியதோட இழுப்பே சின்னதை ஒடைச்சிடும். தள்ளி இருந்தா பொழைச்சிக்கும், சுத்திக்கிட்டு இருக்கும்"னாரு. இதுல எது அவரு, எது வரவேண்டிய பொண்ணுன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா அதுக்கும் ஒரு கணக்கு வச்சிருப்பாரு.

ஆனா ஒருத்தரு மட்டும் அவருக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தாரு, அவங்க அப்பா. மூணு போர்ஷன் ஒரே வரிசையில இருக்குற வூடு எங்களது. நடுவுல நாங்க. என் வூட்டுக்காரரு ரயில்வேயில, பாதி நாள் டியூட்டின்னு ஜங்ஷன்லயே கெடப்பாரு. ஒரு ஓரத்துல இவரும் அப்பாவும். இன்னொரு ஓரத்துல ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்கு எழுபதுக்கு மேல இருக்கும். தெருவே அவரைப் பெருசுன்னுதான் கூப்பிடும், மகனும் அப்படித்தான். "பெருசு சாப்புட்டுச்சாம்மா?"ன்னு கம்பெனியில என்கிட்ட கேப்பாரு. பெருசுக்குக் கண்ணு மங்கல். நான் வாசல்ல போறப்ப எல்லாம் "மணி என்னாம்மா?"ம்பாரு. அஞ்சுன்னு சொன்னா மொகம் தெளியும், மகன் வர்ற நேரம். மகன் வந்தா ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நான் கேட்டதே இல்ல. இவரு படிப்பாரு, அவரு பக்கத்துல உக்காந்திருப்பாரு. அவ்வளவுதான். ஆனா மகன் வராத வரைக்கும் பெருசு சோத்துல கைவைக்காது.

அந்த வருஷம் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் ஒண்ணு வந்துச்சி. கரண்டுக் கம்பத்துல மாட்டுற பீங்கான் கொப்பிதான், ஆனா ஆள் ஒசரம். அந்த அளவுக்கு எங்க கம்பெனியில யாரும் சுட்டதில்ல. அதுக்கும் பேரு பெருசுதான். பெருசு காஞ்சிடுச்சா, பெருசுக்கு கிளேஸ் அடிச்சாச்சான்னு ஒரு மாசமா அதே பேச்சு. அவ்வளவு ஒசரத்துக்கு நிக்கிறது வெந்து எளகுனா தன் கனத்துலயே படுத்துடும்னு எல்லாருக்கும் பயம். இவரு ராத்தூக்கம் இல்லாம கணக்குப் போட்டாரு.

சூளைக்குள்ள எவ்வளவு சூடு ஏறியிருக்குதுன்னு பார்க்க மூணு கோன் வைப்பாங்க. விரல் நீளத்துக்கு மண்ணுல செஞ்ச கூம்புங்க. சூடு ஏற ஏற ஒவ்வொண்ணாத் தலை குனிஞ்சி படுக்கும். ரெண்டாவது கோன் படுத்து மூக்கு தரையைத் தொட்டதும் தீயை நிறுத்திடணும். கொஞ்சம் பிந்துனாலும் உள்ள இருக்குற அத்தனையும் படுத்துடும். அதனால கடைசி நேரத்துல ஒரு சின்ன ஓட்டை வழியாக் கண்ணை எடுக்காமப் பார்த்துக்கிட்டே இருப்பாரு. சூளைக்குப் பின்பக்கமும் ஒரு ஓட்டை. அங்க ஒரு ஆள் நின்னு பார்த்து சத்தம் குடுப்பான்.

பெருசைச் சுட்டது ஒரு ஞாயித்துக்கிழமை, தை மாசம். எங்களுக்கு லீவு, சூளைக்கு ஏது லீவு. கிறிஸ்தவக் குடும்பம் கோணாங்குப்பம் மாதா கோயில் தேருக்குப் போயிருந்தாங்க. என் வூட்டுக்காரரு டியூட்டி. நான் அழுக்குத் துணி மூட்டையைக் கட்டி இடுப்புல வச்சிக்கிட்டு ஆத்துக்குக் கெளம்புனேன். மத்தியானம், தெருவுல ஆள் நடமாட்டமே இல்ல. பக்கத்து வூட்டுக் கதவு தொறந்து கெடந்துச்சி. உள்ள பெருசு தரையில கெடக்குறாரு. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்குது, கண்ணு தொறந்திருக்குது, ஒரு கை மட்டும் அசையுது. ஐயோன்னு மூட்டையைப் போட்டுட்டு தூக்கப் பார்த்தேன். என்னால ஆவல. அவ்வளவு கனமா அந்த ஒடம்புன்னு இருந்துச்சி. மூட்டையை அங்கியே விடாம, என்னா புத்தியோ, அதையும் தூக்கிக்கிட்டுக் கம்பெனிக்கு ஓடுனேன்.

சூளைச் செட்டு வாசல்ல நின்னேன். தீக்குக் காத்து ஊதுற ப்ளோயர் சத்தம் காதைப் பொளக்குது. அவரு முதுகு தெரியுது, ஓட்டையில கண்ணை வச்சிக்கிட்டு இருக்காரு. கத்துனேன்:

"அண்ணே! பெருசு படுத்துடுச்சி!"

அவரு திரும்பல. ஒரு கையை மட்டும் தூக்குனாரு.

"படுத்தா படுத்துட்டுப் போவுது. யாரும் தொடாதீங்க. ஆறட்டும், நான் வந்து பார்க்கறேன்."

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சி. பெத்த அப்பன் விழுந்து கெடக்குறான், ஆறட்டுமாம்! நீயெல்லாம் மனுசனா? ஒன் அப்பன் மேல ஒனக்கு இல்லாத அக்கறை எனக்கு என்னாத்துக்கு? இப்படியே வாய்க்குள்ள பொரிஞ்சிக்கிட்டு, நேரா ஆத்துக்குப் போனேன். ஆமாம், போனேன். வூட்டுக்குப் போவல. மணிமுத்தாத்துல ஒரு ஓரமா கொஞ்சம் தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சி. யாருமே இல்ல. அந்தக் கோவத்தை எல்லாம் துணியில காட்டி அடிச்சித் தொவைச்சேன். காய வச்சேன். மடிச்சேன். கோவம் ஆறுனப்ப வெயில் சாஞ்சிடுச்சி. அப்பத்தான் பெருசு தனியாக் கெடக்குறது நெனப்புக்கு வந்துச்சி. ஓடி வந்தேன்.

பெருசு போயிட்டாரு. வாயோரம் எறும்பு மொய்ச்சிருந்துச்சி. முந்தானையால தொடைச்சி விட்டேன். தரையில அவரு கை தேய்ச்சிக்கிட்டே இருந்த எடத்துல தூசி இல்லாம சுத்தமா இருந்துச்சி. அதுக்கப்புறம்தான் கத்துனேன், தெரு கூடுனுச்சி.

கம்பெனிக்கு ஆள் ஓடிப் போய்ச் சொல்லி மகன் வந்தாரு. அப்பாவைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "எப்ப?"ன்னாரு.

அந்த மொகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒறைச்சுது. அவரு சூளைக்குள்ள இருக்குற பெருசுன்னு நெனச்சிட்டாரு! பின்பக்கத்து ஆள் சத்தம் குடுக்குறான்னு நெனச்சிட்டாரு! இன்னொரு தடவ கிட்டப் போய்ச் சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பாரே. எட்டு அடி நடந்திருந்தாப் போதுமே, பாவி நான்.

"மத்தியானமே வந்து சொன்னேண்ணே. நீங்க சூளையில இருக்குறதுன்னு நெனச்சிட்டீங்க போல"ன்னேன். தெரு பூராவும் நிக்குது. எல்லாரும் என் வாயைப் பார்க்குறாங்க. "நான் திரும்பி வந்து அவரு பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். இப்பத்தான் உசுரு போச்சு"ன்னும் சொன்னேன். நாக்கு கூசல அப்ப.

அவரு தலையை மட்டும் ஆட்டுனாரு. அழல.

சூளையை ரெண்டு நாள் கழிச்சித் தொறந்தாங்க. அந்தப் பெருசு நேரா நின்னுச்சி. ஒரு நூல் சாயல. மேனேஜரு மால வாங்கிட்டு வந்து அவரு கழுத்துல போட்டாரு. அதைக் கழட்டி எங்க வைக்கிறதுன்னு தெரியாம சாயங்காலம் வரைக்கும் கையிலயே வச்சிருந்தாரு. கம்பெனியில அந்தக் கதை பரவிடுச்சி. ஒரு வார்த்தை எப்படி ஆளைக் கொன்னுச்சி பாருன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. அவரு முன்னாடி 'பெருசு'ங்குற வார்த்தையையே யாரும் எடுக்கறதில்ல. 'படுத்துடுச்சி'யும் போச்சு. அவரும் ஆகாசத்தைப் பத்திப் பேசறதை விட்டுட்டாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வூட்டுக்கு வந்து, வெளக்கு ஏத்தாம உக்காந்திருப்பாரு. நான் சோறு கொண்டுபோனா வாங்கிக்குவாரு. "ஒனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேம்மா"ம்பாரு. அந்த வார்த்தையைக் கேட்டா எனக்குச் சோறு எறங்காது. சொல்லிடணும், சொல்லிடணும்னு வாசப்படி வரைக்கும் போவேன். திரும்பி வந்துடுவேன்.

அடுத்த வருஷம் மாசி மகம். மணிமுத்தாத்துல ஊரே தெரண்டு கெடந்துச்சி. செத்தவங்களுக்குத் திதி குடுக்குறவங்க வரிசை வரிசையா மணல்ல உக்காந்திருந்தாங்க. இன்னைக்குச் சொல்லிடறதுன்னு முடிவோடதான் போனேன். அவரு திதி முடிச்சி, ஈர வேட்டியோட கூட்டத்தை விட்டுத் தள்ளி உக்காந்திருந்தாரு. ஒரு கையால மணலை அள்ளி இன்னொரு கையில விட்டுக்கிட்டு இருந்தாரு.

"உக்காரும்மா"ன்னாரு.

"அண்ணே, அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நானும் அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். நான் மொதல்ல சொல்லிடறேன். இந்த ஊரை விட்டுப் போறேன், வேற எடத்துல வேல தேடி வச்சிருக்கேன்." கையில இருந்த மணலைக் கீழ விட்டாரு. "எனக்கு அன்னைக்கு நல்லாக் காதுல வுழுந்துச்சிம்மா."

எனக்குப் புரியல.

"பின்பக்கம் அன்னைக்கு ஆளே இல்ல. சாப்புட அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை அவ்வளவு தூரம் ஓடி வந்து ஒரு பொம்பள சொல்றான்னா வேற எந்தப் பெருசு? ஒன் கொரலே சொல்லிடுச்சி. ரெண்டாவது கோன் குனிஞ்சிக்கிட்டு இருந்துச்சி. அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்னு நெனச்சேன். நீ பதிலுக்கு நிக்கிறியேன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கோன் படுத்துச்சி, தீயை நிறுத்துனேன். பெருசு நிக்குதான்னு பார்த்துட்டுப் போலாம்னு தோணுச்சி. நின்னுச்சி. இன்னும் கொஞ்சம் ஆறட்டும், அப்பவும் நிக்குதான்னு பார்க்கலாம்னு தோணுச்சி. அந்த ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்க முடியலம்மா. நாலு மணி நேரம். தெரிஞ்சே உக்காந்திருந்தேன்."

 கோவம் வரணும், வரல. பக்கத்துல யாரோ ஒருத்தரு எள்ளும் தண்ணியும் எறைச்சிக்கிட்டு, செத்தவங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

"நீ கூட இருந்தேங்கிறது ஒண்ணுதான்மா எனக்கு இருக்குது. அது இல்லன்னா நான் இந்த ஒரு வருஷம் உசுரோட இருந்திருக்க மாட்டேன்." அவரு என்னைப் பார்க்கல, மணலையே பார்த்தாரு. "கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குது, தைரியம் வரல. தண்ணி ஏதாவது கேட்டாரா?"

நான் சொல்ல வந்தது வேற.

"கேட்டாருண்ணே. குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"மூணு வாய் குடிச்சாரு."

"மூணு வாய்"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. அப்பா செத்த அன்னைக்குக்கூட அழாத மனுசன், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல துண்டால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நான் எழுந்து போவல. அவரு அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.